வொய்ட்ஹால் வீதியின் வெண்கலக் குதிரை



லண்டன் மாநகரின் வொய்ட்ஹால் என்னும் ராஜவீதி நடுவே, தலையில் தொப்பியின்றிக் குதிரைமீது வீற்றிருக்கும் ஒரு சேனாதிபதியின் வெண்கலப் பிரதிமையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். முதல் உலக மகாயுத்தத்தில், 1915 டிசம்பர் முதல் யுத்தம் முடியும்வரை, பிரான்ஸிலிருந்த பிரிட்டிஷ் சேனைகளுக்கெல்லாம் தலைமை வகித்த டக்ளஸ் ஹெய்க் பிரபுவின் உருவம் அது.

1928-ல் அவர் காலமானதும் பார்லிமெண்டு பணம் ஒதுக்கிற்று. ஆல்பிரட் ஹார்டிமன் என்னும் சிற்பி பொறுப்பை ஏற்றார். அதன்பின் எழுந்த தர்க்கம் கொஞ்சமன்று. சிற்பியோ, பழைய இத்தாலியச் சிற்பங்களின் கம்பீரத்தை மனத்தில் இருத்தி, வளைந்த கழுத்தும் திரண்ட மார்புமாக ஒரு காவியக் குதிரையை வடிக்க முனைந்தார். குதிரைப்படையிலேயே வளர்ந்த ஹெய்க்கை அறிந்தவர்களோ, அவர் ஏறிய குதிரை இதுவன்று, உயிருள்ள குதிரை இப்படிக் காலெடுத்து வைப்பதுமில்லை என்று வாதித்தார்கள். அவருடைய மனைவியாருக்கும் அது திருப்தியளிக்கவில்லை. மாதிரிக்குமேல் மாதிரி செய்து, முடிவில் 1937 நவம்பர் 10-ந் தேதி, போர்நிறுத்த நாளுக்கு முந்தின தினத்தில்தான், சிலை திறக்கப்பட்டது.

குதிரையின் கால்களைப் பற்றி இத்தனை நுணுக்கமாக வழக்காடியவர்கள், 1916 ஜூலை 1-ந் தேதி, ஹெய்க்கின் தலைமையில், ஸோம் நதிப் பிரதேசத்தில் ஒரே நாளில் மாண்ட 19,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்தத் துக்கமே, இறங்க வேறிடமின்றி, அந்த வெண்கலக் குதிரையின்மேல் வந்து இறங்கிற்று என்பது என் உறுதியான எண்ணம். 1918-ல் வெற்றி தேடித் தந்தவரும், பின்னர் ஊனமுற்றுத் திரும்பிய சிப்பாய்களின் நலனுக்காகப் பாடுபட்டவரும் அதே மனிதர்தாம்.

இன்று அச்சிலை சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. உத்தரவின்றி எவரும் அதில் கைவைக்க இயலாது. அது தக்க காரியமே. ஆயினும், அதே வீதியில், உள்ளே எவருடைய உடலுமில்லாத வெற்றுக் கல்லறையாக, போரில் மாண்டவர்களின் நினைவுக்கென்று 1920-ல் எழுந்த செனடாஃப் சின்னத்தையும் சேர்த்துப் பாராதவன் அந்தக் குதிரையைப் பார்த்தவனாகான்.

நமக்கும் இதில் பங்குண்டு, அன்பர்களே. 1915 மார்ச்சில் ஹெய்க்கின் முதற்சேனையில் நின்று, பிரான்ஸின் நூவ் ஷாப்பல் கிராமத்தில் போரிட்டவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். கல்லறையும் கிட்டாமற்போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்களை அவ்வூர் நினைவுச் சின்னம் தாங்கி நிற்கிறது. லண்டன் சென்று அந்தக் குதிரையை அண்ணாந்து பார்க்கும் நம் இளைஞர்கள், கடல் தாண்டி அவ்வூருக்கும் போய், அந்தப் பெயர்களில் சிலவற்றையேனும் நின்று வாசித்துவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.