'பஸ்' என்னும் அரைச்சொல்
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பஸ்ஸைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. காரணம் உண்டு. நாம் போகவிருக்கும் பூண்டி மாதா யாத்திரைக்கும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்வோம். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்கள் எத்தனையோ. அவற்றுள் 'பஸ்' என்பதைப்போல் நம் வாயில் கரைந்துபோன சொல் வேறு உண்டா? சத்திரம் பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்று காதுகொடுத்துப் பாருங்கள். "ஒண்ணாம் நம்பர் பஸ் போயிருச்சா?" என்று ஸ்ரீரங்கம் போகும் அம்மா கேட்பார். "துறையூர் பஸ் எங்கே நிக்கும்?" என்பார் ஒரு பெரியவர். முசிறி விவசாயியும், பக்கத்துக் கல்லூரி மாணவனும், பூக்கூடைக்காரப் பாட்டியும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பலகையில் 'பேருந்து' என்று இருக்கிறது. பெருமையும் உந்துதலும் சேர்ந்த நல்ல தமிழ்ச்சொல். எழுத்தில் அதுவே இருக்கட்டும். பேச்சில் 'பஸ்ஸு'தான். அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? வண்டி என்பீர்கள். வண்டியைக் குறிப்பது உண்மை. ஆனால் பொருள் வண்டி அல்ல. உண்மையில் அது பிறப்பால் ஆங்கிலச் சொல்லும் அல்ல. குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது பழைய முகம். 'ஓம்னெஸ்' என்றால் எல்லோரும். 'ஓம்னிபுஸ்' என்றால் எல்லோருக்கும். நம் இலக்கணப்படி சொன்னால் நான்காம் வேற்றுமை. இலத்தீன் பூசைக்கு உதவிசெய்த நம் முதியவர்கள், பூசைத் தொடக்கத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது, எல்லாப் புனிதர்களையும் அழைக்கும் இடத்தில் இதே சொல்லைச் சிறுவயதில் ஒப்பித்திருப்பார்கள். சத்திரத்தில் ஏறும் வண்டிக்கும் அந்தச் செபத்துக்கும் உறவு இருப்பதை அன்று யார் சொன்னார்கள்!

வண்டிக்கு இப்பெயர் எப்படி வந்தது? பிரான்சு நாட்டில் நாந்த் என்ற நகரில் 1826ஆம் ஆண்டு, ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே வெந்நீர்க் குளியல் நிலையம் வைத்திருந்தார். வாடிக்கையாளரை அங்கே கொண்டுவரக் குதிரைவண்டி விட்டார். ஏறியவர்களோ குளிக்கப் போகாமல் வழியில் வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். குளியலைவிட வண்டியில்தான் வருமானம் என்று அவருக்குப் புரிந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓம்னெஸ் என்ற பெயருள்ள ஒருவரின் தொப்பிக்கடை இருந்தது. அவர் தம் பெயரை வைத்துச் சிலேடையாக 'ஓம்னெஸ் ஓம்னிபுஸ்' என்று பலகை எழுதியிருந்தார். அதுவே வண்டிக்குப் பெயராயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, பெயர் நிலைத்தது. 1828இல் பாரிஸ், 1829இல் இலண்டன் என்று பரவியது. ஆங்கிலேயர் வாய்க்கு அது நீளமாய் இருந்தது, வெட்டினார்கள்.

எதை வெட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. 'எல்லோருக்கும்' என்ற சொல்லில் 'எல்லோர்' என்பதைத் தள்ளிவிட்டு 'க்கும்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? "க்கும் வந்துருச்சா? க்கும்மில் இடம் இருக்கா?" சிரிக்கிறீர்கள். 'பஸ்' என்பது அப்படித்தான் இருக்கிறது. வெறும் வேற்றுமை வால். 'எல்லோர்' போய்விட்டார்கள்.

வெட்டுப்பட்ட அந்த 'ஓம்னி' எங்கே போயிற்று? அதையும் நம் ஊர்க்காரர் விடவில்லை. 'ஆம்னி பஸ்' என்கிறோமே, அதேதான்! மோட்டார் வாகனச் சட்டத்தில் 'ஆம்னிபஸ்' என்பது ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய எந்த வண்டிக்கும் பொதுப்பெயர். நம் வழக்கிலோ தொலைதூரம் ஓடும் தனியார் சொகுசு வண்டிக்குத்தான் அப்பெயர். பண்டிகைக் காலத்தில் அதன் கட்டணத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், 'எல்லோரும்' என்ற பெயர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று.

இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. போத்ரிக்கு முன்னரே, 1662 மார்ச் 18ஆம் நாள், பாரிஸ் நகரில் ஒரு பொது வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு யோசனை சொன்னவர் பிலேஸ் பஸ்கால். கணிதமேதை, ஆழ்ந்த விசுவாசி. குறித்த வழி, குறித்த நேரம், ஆளுக்கு ஐந்து சூ காசு, ஒரு வண்டியில் எட்டுப் பேர். புளுவா என்ற ஊரில் அப்போது ஏழைகள் பட்டினியால் வாடினார்கள். இந்த வண்டி வருமானத்தில் முன்பணம் பெற்று அவர்களுக்கு அனுப்ப அவர் ஆசைப்பட்டார் என்று அவருடைய தமக்கை எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு நல்ல எண்ணத்தில் பிறந்த வண்டிக்குப் பாரிஸ் உயர்மன்றம் ஒரு நிபந்தனை விதித்தது. படைவீரர், ஏவலாளர், கூலியாட்கள் ஏறக்கூடாது! உயர்ந்தோரின் வசதி கெடுமாம். பஸ்கால் அவ்வாண்டு ஆகஸ்டில் 39 வயதில் இறந்தார். வண்டியும் பல்லாண்டு நிலைக்கவில்லை.

அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்துக் கைதான செய்தி நம் இளைஞர் அறிந்ததே. 381 நாள் அந்நகரின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். அதை நாம் மெய்சிலிர்க்கக் கேட்கிறோம். தூரத்தில் நடந்தால் மெய்சிலிர்ப்பது எளிது.

நம் நாட்டுக் கதை என்ன? தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றாத பஸ்கள் இங்கும் ஓடின. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அவர்களை ஏற்ற மறுக்கும் வண்டிக்கு உரிமம் கிடையாது என்று ஆணையிட்டபிறகே பல வண்டிகளின் கதவு திறந்தது. அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 1997ஐ நினைத்துப் பாருங்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். கட்டபொம்மனோடு நின்று போரிட்டவர் என்று போற்றப்படும் அவர் தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள், கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. நம் திருச்சிப் பக்கம் ஓடிய வண்டிகளிலிருந்து தீரன் சின்னமலையும் அப்படித்தான் இறங்கினார். எல்லோருக்குமான வண்டியில் ஒருவர் பெயரைக்கூட ஏற்ற முடியவில்லை!

வெளியாரை மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் அது நேர்மையாகாது. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோவிலை நம் மக்கள் கால்சட்டைக் கோவில் என்பார்கள். 1872இல் கட்டிய அக்கோவிலில் பீடம் ஒன்று, சாதிக்கொரு பக்கமாக இரண்டு நீண்ட மண்டபம், நடுவே சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களும் நம் கிறிஸ்தவர்களே. எதிர்வாதி நம் திருச்சி ஆயர் பார்த் ஆண்டகை. சுவர் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுவர் போயிற்று, கல்லறைகளைப் பற்றி நாம் இங்கே பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

ஆறுதலான ஒன்றையும் சொல்லவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச் செலவு இல்லை. வீட்டு வேலைக்குச் செல்லும் நம் பங்குத் தாய்மார்களுக்கு அது மாதம் சில நூறு ரூபாய். பையனின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆகிறது. அவர்களைப் பார்த்து 'ஓசி' என்று முணுமுணுக்கும் ஆண்களை நாம் சத்திரத்தில் கேட்டதுண்டு. சத்திரம் என்றால் என்ன ஐயா? வழிப்போக்கன் காசில்லாமல் தங்கி, உண்டு, இளைப்பாறும் அறவிடுதி அல்லவா? 2021 டிசம்பரில் புதுக் கட்டடம் திறந்தார்கள், நடைமேடைகள் மாறின, பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது. அந்தப் பெயர் தாங்கிய இடத்திலா இந்த முணுமுணுப்பு?

இனி யாத்திரை விஷயம். இரண்டு வண்டி பேசியிருக்கிறோம். போன வாரம் நம்மிடம் ஒரு யோசனை வந்தது: மேலத்தெருவுக்கு ஒரு வண்டி, கீழத்தெருவுக்கு ஒரு வண்டி, இறங்கிப் பூசையில் எல்லோரும் ஒன்றாயிருந்தால் போதும், வீண் மனஸ்தாபம் வேண்டாம் என்று. சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர், கோவிலுக்காக உழைப்பவர்கள். தெரு என்று அவர்கள் சொன்னது தெருவை அல்ல என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த யோசனையை நாம் ஏற்கவில்லை. பங்கு மேய்ப்புப்பணிக் குழுவும் நேற்று மாலை நம்மோடு உடன்பட்டது. உடன்படத் தயங்கிய இருவரும் யாத்திரைக்கு வருவதாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு இரு வண்டிகளும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும். பட்டியல் ஒன்றே; அகரவரிசையில் எழுதியிருக்கிறோம்; வரிசைப்படி முதல் பாதி முதல் வண்டியில். முன்னிரண்டு இருக்கைகள் முதியோருக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும். மதிய உணவுப் பொட்டலம் எல்லோருக்கும் ஒரே அடுப்பிலிருந்து. சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் திரும்பி வந்தபின் துண்டைப் பங்கு இல்லத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.