வேண்டா மடல்களும் வேண்டிய மடலும்



1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் பணியாற்றிய கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றிய ஒரே மடலை ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒருசேர அனுப்பினார். கேளாதவர்க்கு அனுப்பப்பெற்ற முதல் விளம்பர மின்னஞ்சல் என்று இதனைக் குறிப்பிடுவர். பெற்றவர் பலர் சினந்தனர். அனுப்பியவர்க்கோ தபால்தலைச் செலவுகூட இல்லை. செலவெல்லாம் பெறுபவரின் நேரமே என்னும் இந்த நிலை இன்றளவும் மாறவில்லை.

எனினும், வந்து குவியும் மடல்கள் அனைத்தும் அழையா விருந்தினர் அல்ல. துணிக்கடையில் பில் போடுபவர் கேட்டவுடன் முகவரியைக் கொடுத்தவர் யார்? இணையப் படிவத்தின் அடியில் இருந்த சிறு கட்டத்தைப் படியாமலே ஒப்புக்கொண்டவர் யார்? அத்தகைய மடல்களை நாள்தோறும் அழிப்பது, களையின் தலையைக் கிள்ளி வேரை விட்டுவைப்பதாகும். அறிந்த நிறுவனத்தின் மடலாயின், ‘அன்சப்ஸ்கிரைப்’ என்னும் இணைப்பை அழுத்தி விலகுதலே முறை. அச்சொல்லைத் தேடற்கட்டத்தில் இட்டால் அத்தகைய மடல்கள் பெரும்பாலும் ஒருங்கே திரண்டு நிற்கும். பெருமளவில் விளம்பரம் அனுப்புவோர் ஒரே அழுத்தலில் விலக வழிசெய்து, இரண்டு நாட்களுக்குள் பெயரை நீக்க வேண்டும் என்னும் விதியைக் கூகுளும் யாஹூவும் 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

அறியாதவரின் மடலில் அவ்விணைப்பைத் தொடுதல் ஆகாது. தொட்டால், இம்முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை அவருக்கு அறிவித்ததாகிவிடும். அதனை ‘ஸ்பேம்’ என்று குறித்து ஒதுக்குக. ஆனால் அவ்வொதுக்கிடத்தையும் வாரம் ஒருமுறை நோக்குதல் வேண்டும். நல்ல மடலும் அங்கே தவறி விழுவதுண்டு. ஜிமெயில் முப்பது நாட்களில் அவற்றை அழித்துவிடும்.

அறநிலையங்களுக்கு இது வெறும் எரிச்சல் அன்று. வருமான வரித்துறையின் அறிவிப்புகள் பதிவுசெய்த மின்னஞ்சலுக்கும் வருகின்றன. மறுமொழிக்குக் காலக்கெடுவும் உண்டு. தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே அது கிடந்தால் யார் காண்பார்? ஜிமெயில் கட்டணமின்றி அளிக்கும் இடம் 15 ஜிபி; புகைப்படங்களும் கோப்புகளும் அதில்தான் அடங்க வேண்டும். விழாப் படங்களும் விளம்பரங்களும் அவ்விடத்தை நிரப்பிவிட்டால், புதிய மடல் எதுவும் உள்ளே வாராது. ஜூன் மாதத்தில் கல்வி உதவி கேட்டு எழுதும் ஏழை மாணவியின் விண்ணப்பமும் அவளிடமே திரும்பிவிடும். கட்டணம் கட்ட அவளுக்கு இருப்பதோ சில நாட்களே.

மேலும், அறநிலையங்களும் மடல் அனுப்புவோரே. விழா அழைப்பிதழை ஐந்நூறு பேருக்கு அனுப்புகையில், முகவரிகளை ‘பி.சி.சி.’ என்னும் கட்டத்தில் இட்டால் ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரியாது. இதனைச் செய்யாத செயலாளர்கள் பலர். ‘இனி அனுப்ப வேண்டா’ என்று எழுதும் அன்பரின் பெயரையும் அன்றே நீக்கிவிட வேண்டும். அடுத்த ஆண்டு நன்கொடைக்கு அவரை நேரில் சென்று பார்த்துக்கொள்ளலாம்.