கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை: எந்தக் கதவைத் தட்டுவது?



பிள்ளைக்கு இரண்டு வயதாகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார்கள். கோயிலில் வேண்டுதல் வைக்கிறார்கள். நாக்கில் தேன் தடவுகிறார்கள். வேண்டுதல் வைப்பதில் குற்றமில்லை. ஆனால், காதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் கடைசியில்தான் வருகிறது.

கதவைப் படாரென்று சாத்தினால் திரும்பிப் பார்க்கிறானே என்று சமாதானம் செய்துகொள்வோரும் உண்டு. அது அதிர்வாக இருக்கலாம். பெரிய சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம்.

பிறந்த 1 மாதத்திற்குள் முதல் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்திற்குள் உதவியைத் தொடங்குதல். இதுதான் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் காலம் முதல் சில ஆண்டுகள்தான் என்பதால் இந்த அவசரம்.

எங்கே போவது? அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்தான் முதல் கதவு. அங்கிருந்து பொது மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். குழந்தை தூங்கும்போது காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முதல் சோதனையை முடித்துவிடலாம், வலி இல்லை. கேட்கும் திறனை அளந்து, பொருத்தமான காது கேட்கும் கருவியைச் சொல்பவர் செவித்திறன் நிபுணர். இந்தத் துறையில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-ஆம் ஆண்டிலேயே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. ஆகவே, சோதனைக்கு முன்பே கடைக்குப் போய் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துக் கருவி வாங்குவது வீண் செலவு.

அடுத்தது ஓகேயு அட்டை. பெற்றோர் பலர் தயங்கி நிற்பது இங்கேதான். "பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது யார் கேட்பார்கள்?" என்ற பயம். அந்த அட்டை நெற்றியில் ஒட்டப்படுவதில்லை, பர்ஸுக்குள்தான் இருக்கிறது! மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட்ட பாரத்தோடு மாவட்டச் சமூக நல இலாகாவுக்குப் போனால் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால்தான் கருவி வாங்க அந்த இலாகாவிடம் உதவி கேட்க முடியும். சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது. வரி கட்டும் பெற்றோர், கருவிக்கான செலவில் 6,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம். வெட்கத்திற்காக இவ்வளவையும் விடுவது யாருக்கு லாபம்?

ஆலையில் இயந்திரச் சத்தத்தில் உழைத்துக் காது மந்தமானவர்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. அது சொக்சோ. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 8 மணி நேர வேலையில் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்க் குடும்பங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காது கேளாதோருக்கான சிறப்புப் பள்ளிகளில் பாட மொழி மலாய். நண்பர்களோடு பிள்ளை பேசுவது மலேசிய சைகை மொழி. வீட்டிலோ பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பள்ளியில் ஓயாமல் கையால் கதை சொல்லும் பிள்ளை, வீட்டு வாசலை மிதித்ததும் ஊமையாகிவிடுகிறது. தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர் இருந்தாலும் அது தனியாகவே உட்கார்ந்திருக்கும்.

சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று சிலர் பயமுறுத்துவார்கள். கருவி மாட்டிய பிள்ளையும் சைகை கற்கலாம். ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. பினாங்கில் 1954-இல் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது வகுப்பில் வாய்ப்பேச்சுக்குத்தான் இடம். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் ஒரு சைகை மொழியையே உருவாக்கிக்கொண்டார்கள். மொழிப்பசி அப்படிப்பட்டது. இன்று மலேசிய சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ சைகை மொழியாக ஏற்றிருக்கிறது.

அதைக் கற்க எங்கே போவது? மலேசிய காது கேளாதோர் சம்மேளனத்திடம் வகுப்புகள் பற்றியும் மொழிபெயர்ப்பாளர் பற்றியும் விசாரிக்கலாம். நம்மவர்கள் சேலை வாங்கப் போகும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. பல ஆண்டுகளாகச் சைகை மொழி வகுப்பு நடத்தி வந்திருக்கிறது. வகுப்புக்குத் தாயை மட்டும் அனுப்பிவிட்டு அப்பா ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அண்ணன், அக்காளையும் கூட்டிப் போங்கள். சிறுவர்கள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பாட்டிக்கு முதலில் பத்துச் சைகை போதும்: சாப்பாடு, தண்ணீர், வலி, தூக்கம், வா, பிறகு பேரப்பிள்ளையின் பெயர்.