அடைப்பு இல்லை, வலி உண்டு

(நன்கொடையாளர் ஐக்கியக் கூட்டத்தில் நம் மருத்துவமனையின் இருதய மருத்துவர் ஆற்றிய உரை)



இருதய நோய் என்றதும் குழாயில் அடைப்பு, அதற்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்றுதான் நம் நினைவு போகிறது. காணிக்கை கேட்பதற்கும் அதுவே எளிது. இன்று நான் பேச விரும்புவது, ஆஞ்சியோகிராம் செய்தும் அடைப்பு அகப்படாதவர்களைக் குறித்து.

மார்வலியோடு வருகிறார்கள். கடன் வாங்கி ஆஞ்சியோகிராம் செய்துகொள்கிறார்கள். "குழாய் சுத்தமாக இருக்கிறது, பயப்படாமல் போங்கள்" என்று கேட்டு வீட்டார் தேவனைத் துதிக்கிறார்கள். சில நாட்களில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மறுபடியும் வலி. வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாரோ என்று இப்போது வீட்டாருக்கே சந்தேகம்.

இவர்களில் சிலருக்கு இருப்பது மந்த இரத்த ஓட்டம். 1972-லேயே மருத்துவர்கள் இதை விவரித்திருக்கிறார்கள். ஆஞ்சியோகிராமில் செலுத்தும் சாயம் குழாயின் நுனிவரை சீக்கிரம் எட்டிவிட வேண்டும். விநாடிக்கு 30 படம் வீதம் பதிவு செய்து எண்ணிப் பார்க்கிறோம். 27 படங்களுக்கு மேல் ஆனால் மந்தம் என்பது வழக்கமான கணக்கு. (இடப்பக்கத்து நீளக் குழாய்க்கு மட்டும் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்வோம்.) பெரிய குழாய் திறந்தே இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் அதற்கு அப்பால், படத்தில் தெரியாத நுண்குழாய்களில்.

சி.ஆர்.பி. என்று ஒரு புரதம். 1930-இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடலில் அழற்சி இருந்தால் ஈரல் இதை அதிகமாக உண்டாக்கும். மந்த ஓட்டமுள்ளவர்களிடம் இது சற்றுக் கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சாதாரணக் காய்ச்சலிலும் இது ஏறும்; இதை மட்டும் வைத்து இருதய நோயைத் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்று, தமனிகளின் விறைப்பு. இளகிய தமனியில் நாடி அலை நிதானமாகப் போகும். விறைத்த தமனியில் அது விரைந்தோடி, முன்னதாகவே திரும்பி வந்துவிடும். இருதயத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் வேளையில்தான் பெறுகிறது. விறைப்பு அந்த வேளையின் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அழற்சிதான் விறைப்பை உண்டாக்குகிறதா, இரண்டும் புகையிலை, இரத்தக்கொதிப்பு போன்ற ஒரே வேரிலிருந்து வருகின்றனவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஸ்டென்ட் வைக்க இங்கே இடமில்லை. பீடி, சிகரெட்டை விடவேண்டும். கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு கட்டுக்குள் இருக்கவேண்டும். நாள்தோறும் மாத்திரை, சொன்ன தேதியில் திரும்பி வரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, அவர் வலியை யாராவது நம்பவேண்டும்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்து ஸ்திரீயை நீங்கள் அறிவீர்கள். 12 வருஷம் வைத்தியர்களுக்குச் செலவழித்து, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவள். யவீருவின் வீட்டில் அவசரம் காத்திருந்தும், ஆண்டவர் நின்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

ஸ்டென்ட்டுக்குக் கொடுத்தவருக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தைக் காட்டலாம். இவர்களுக்குக் காட்டப் படம் இல்லை. செலவு மாத்திரைக்கும் பஸ் கட்டணத்துக்கும், உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகருக்கும்தான். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கு எடுத்துக்கொள்ள அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.