யாப்பும் தூண்டிலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யாப்பு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இவ்வட்டத்தில் மரபுக் கவிஞரும் இருக்கிறார்கள். யாப்பைத் துறந்த புதுக்கவிஞரும் இருக்கிறார்கள். இருவரும் பத்தாண்டுகளாக ஒரே பாயில் அமர்ந்து வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இன்று தொல்காப்பியச் செய்யுளியலையோ யாப்பருங்கலத்தையோ விரித்துவைத்துப் பேசவும் போவதில்லை. உங்களை ஓர் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போக எண்ணுகிறேன்.

யாப்பு என்பது கட்டு. யாத்தல் என்றால் கட்டுதல். இதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன அசையும் சீரும் தளையுமே. கயிறும் விரலும் வருவதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மீன்பிடிக்கும் பாண்மகன் ஒருவனைக் காட்டுகிறார். அவனிடம் இரை பெய்த தோற்பை இருக்கிறது. நெடிய மூங்கிற்கோல் இருக்கிறது. நாண் இருக்கிறது. வளைந்த இரும்பு முள் இருக்கிறது. அந்தத் தூண்டிற்கோலைச் சொல்லும் இடத்தில் புலவர் ஆளும் வினை ‘யாத்தல்’ என்பதே. செய்யுளுக்கு நாம் வைத்துக்கொண்ட சொல் தூண்டிலுக்கும் உரியதாக இருந்திருக்கிறது. இனி நான் சொல்லப்போவன யாவும் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தவையே.

இரையில்லாத் தூண்டில்

நம் குளத்தங்கரைகளில் நாம் கண்ட தூண்டிலில் மண்புழு இருக்கும். மேலைநாட்டார் சிலர் கையாளும் தூண்டிலில் புழு இராது. முள்ளின்மேல் பஞ்சும் பட்டிழையும் இறகும் சுற்றி, பூச்சி போன்ற ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதை ‘ஈ’ என்றே வழங்குகிறார்கள். பொய் ஈயைக் கொண்டு மெய்ம்மீனைப் பிடிப்பது அவர்கள் கலை.

அது பழங்கலை. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்பவர் விலங்கியல்புகளைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய நூலில், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்னும் ஆற்றில் புள்ளி மீன்களை இவ்வாறு பிடித்ததைக் குறித்திருக்கிறார். முள்ளைச் சிவப்புக் கம்பளியால் சுற்றுவர். சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டை அதிற் பொருத்துவர். கோலும் ஆறடி, நாணும் ஆறடி என்கிறார். சேவலின் இறகு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

ஆங்கிலத்தில் இக்கலை பற்றி அச்சேறிய முதல் நூல் 1496-இல் விங்கின் டி வேர்டு என்பவரின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. திங்கள்தோறும் எந்த ஈயைக் கட்ட வேண்டும் என்று பன்னிரண்டு ஈக்களை அந்நூல் வகுத்துரைக்கிறது. அதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவுப் பெண்மணி என்பது நெடுநாள் வழக்கு. அவர் எழுதியதற்குச் சான்றில்லை என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் கருத்து. ஔவையார் எத்தனை பேர் என்று கணக்கிட்டுக் களைத்த நமக்கு இது புதிதன்று. நூலாசிரியர் ஐயத்துக்குரியவராயினும், தூண்டில் நூல் ஒன்றுக்கு ஒரு பெண்ணின் பெயர் பொருந்தும் என்று பல நூற்றாண்டுகள் நம்பின என்பது மட்டும் ஐயமற்றது.

எறிவது எது?

கருவிகளைச் சிறிது சொல்ல வேண்டும். புழுத்தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நாணை இழுத்துக்கொண்டு போகிறது. ஈத்தூண்டிலில் ஈக்கு எடையே இல்லை, ஊதினால் பறந்துவிடும். எடையற்றதை எப்படி எறிவது? இங்கேதான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. எடை நாணில் வைக்கப்பட்டது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது கனத்த நாண் காற்றில் வளைந்து விரிந்து செல்கிறது; ஈ அதன் பின்னே போகிறது. எனவே நாண்களை எடையால் எண்ணிட்டு வகுத்தார்கள். 1961-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட அளவு முறைப்படி ஐந்தாம் எண் நாணின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம். நாணின் எண்ணுக்கு ஏற்பவே கோலையும் தேர்வர்.

கோலின் வரலாறும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூங்கிலை ஆறு பட்டைகளாகப் பிளந்து, அறுகோணமாக ஒட்டிக் கோல் செய்தார்கள். அமெரிக்கர் தொடக்கத்தில் அதற்குக் கல்கத்தா வழிச்சென்ற நம் நாட்டு மூங்கிலையே பயன்படுத்தினார்கள். பின்னர்ச் சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும், 1970-களில் கரியிழையும் வந்தன.

கனத்த நாணை நேரே ஈயோடு கட்டினால் மீன் அதைக் கண்டுகொள்ளும். ஆகவே இடையில், ஒன்பதடி அளவில், வரவர மெலிந்துசெல்லும் கண்ணாடி போன்ற இழையைச் சேர்க்கிறார்கள். அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஏழிலொரு பங்கு அளவே இருப்பதுண்டு. பாண்மகனின் இரையைக் கவர்ந்து தப்பிய வாளை மீன், பின்னர் நீரில் ஆடும் பிரம்பின் நிழலைக் கண்டே அஞ்சியதாக உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். மீனின் அந்த அச்சத்தை அறிந்தவர்கள்தாம் இந்த மெல்லிழையைக் கண்டார்கள்.

முடிச்சுகள்

ஆக, ரீலில் தொடங்கி ஈயில் முடியும் வரை ஒன்றோடொன்று கட்டப்பட்ட பல இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முடிச்சு உண்டு. ரீலின் அச்சில் அடிநூலைக் கட்டுவது ஒரு சுருக்கு. நாணையும் மெல்லிழையையும் சேர்ப்பது ‘ஆணி முடிச்சு’. ஓர் ஆணியையோ மெல்லிய குழலையோ உடன்வைத்து, அதன்மேல் இழையை ஆறேழு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செலுத்தி, ஆணியை உருவிவிட்டு இறுக்க வேண்டும். ஆணி போய்விடும், அது இருந்த இடம் முடிச்சாக நிற்கும்.

இரண்டு மெல்லிழைகளைச் சேர்ப்பதற்கு ‘இரத்த முடிச்சு’ என்று பெயர். இரு நுனிகளையும் ஒன்றன்மேலொன்று கிடத்தி, ஒவ்வொன்றையும் மற்றதன்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, இரண்டையும் நடுவிலுள்ள இடைவெளியில் எதிரெதிர்த் திசையில் நுழைத்து இழுக்க வேண்டும். ஈயைக் கட்டும் முடிச்சு இன்னும் எளிது. முள்ளின் காதில் இழையைக் கோத்து, அதன்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் காதருகே உள்ள சிறு கண்ணியில் செலுத்தி, அப்போது உண்டாகும் பெரிய கண்ணியிலும் ஒருமுறை நுழைத்து இறுக்குவார்கள்.

இறுக்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. முடிச்சை வாயில் வைத்து எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்தபடியே இழுத்தால் இழையோடு இழை உரசிச் சூடேறி நலியும். கண்ணுக்குத் தெரியாது. பெரிய மீன் அகப்படும் நாளில்தான் தெரியும். நனைத்தபின்னும் வெடுக்கென்று இழுக்கலாகாது; சுற்றுகள் ஒழுங்காகப் படியுமாறு மெல்ல இழுக்க வேண்டும். இழை அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான். ஆனால் முடிச்சின்றித் தூண்டில் இல்லை. வலுக்குறையும் இடமும் இணையும் இடமும் ஒன்றே என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இழை மாறியபோது முடிச்சு என்னாயிற்று என்பதுதான் நம் வழக்குக்கு நேரடியாக உதவும் செய்தி. முதலில் குதிரைவால் மயிரை முறுக்கி நாண் செய்தார்கள். பின்னர்ப் பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை நீளமாக இழுத்து உலர்த்திய நரம்பு வந்தது. ஸ்பெயினின் முர்சியா பகுதி அதற்குப் பேர்போனது. அந்த நரம்பை நீரில் ஊறவைத்து இளக்கிய பின்பே முடிச்சிட முடியும். 1930-களின் இறுதியில் நைலான் பிறந்தது. போருக்குப் பின் பட்டுநரம்பை ஓரங்கட்டியது. நைலானை ஊறவைக்க வேண்டியதில்லை; ஆனால் அது வழுக்கும். நரம்பில் நின்ற முடிச்சுகள் சில நைலானில் நழுவின. பழைய முடிச்சையே நம்பியவர்கள் மீனை இழந்தார்கள். முடிச்சே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஈயையும் இழந்திருப்பார்கள். சுற்றுகளைக் கூட்டினார்கள், நுனியை இன்னொரு கண்ணியில் நுழைத்தார்கள், புதிய இழைக்கு ஏற்ற கட்டைக் கண்டார்கள்.

மரபுக் கவிஞர்களுக்கு என் வேண்டுகோள்: கையிலிருப்பது எந்த இழை என்று பாருங்கள். புதுக்கவிஞர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் முடிச்சு எங்கே என்று எனக்குக் காட்டுங்கள்.

மீன் பிடிக்காத கைகள்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் புரோரா என்னும் சிற்றூர் அருகே மேகன் பாய்டு என்றொரு பெண்மணி வாழ்ந்தார். 1915-இல் இங்கிலாந்தில் பிறந்து, தந்தை ஆற்றுக் காவற்பணிக்குச் சென்றதால் சிறுவயதிலேயே அங்குக் குடிபெயர்ந்தவர். ஈ கட்டக் கற்பித்த முதியவர், கட்டிய ஈ ஒன்றைப் பிரித்து, அதே பொருள்களைக் கொண்டு சிறிய முள்ளில் மீண்டும் கட்டச் சொன்னார் என்பர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நான் அந்த முறையை வணங்குகிறேன். செய்யுளை அலகிட்டுப் பிரிக்க மாணவர்க்குக் கற்பிக்கிறோம்; திரும்பக் கட்டச் சொல்கிறோமா?

மின்வசதியற்ற சிறு வீட்டில், சாளரத்தோரம் அமர்ந்து, கண்ணொளி மங்கும் வரை அவர் ஈ கட்டினார். உலகெங்குமிருந்து அவர் ஈக்களைத் தேடி வந்தார்கள். 1971-இல் பிரித்தானிய அரசு பதக்கம் அறிவித்தது. வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்குச் செல்ல மறுத்துவிட்டார். 2001-இல் மறைந்தார். அவர் மீன் பிடித்தவரல்லர். உயிரைக் கொல்ல அவருக்கு மனமில்லை. அவர் கட்டிய அழகு பிறர் கையில் கொலைக்கருவியாயிற்று என்பதையும் அவர் அறியாதவரல்லர். தான் கட்டியது எங்கே போய் எதைத் தைக்கும் என்பது கட்டுகிறவர் கையில் இல்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவியின் கேள்வி

இனிச் சேவலிறகுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில், தேயிலைத் தோட்டப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தகரப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் டிரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்த்ததும், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் ஏற்பட்டதும் பலர் அறிந்தவை. அந்த வழியில் வந்த பெட்டி அது. உள்ளே சால்மன் மீனுக்கென்று கட்டிய பெரிய ஈ ஒன்று இருந்தது. அதன் இருபுறமும் சிறு இறகு. இறகின் நுனியில் அரக்கைச் சொட்டவிட்டாற்போல வெண்மையும் மஞ்சளும் கலந்து மின்னும் புள்ளி.

“இது எந்த நாட்டுப் பறவை ஐயா?” என்றேன்.

“நம்ம ஊர்தான் அம்மா. கீழே சோலையில கத்துதே காட்டுக்கோழி, அதோட கழுத்து” என்றார்.

நான் சற்றுநேரம் பேசவில்லை. குறுந்தொகை 242-ஆம் பாடலில், குழற்றத்தனார் ஒரு கானக்கோழிச் சேவலைப் பாடுகிறார். புதரின் குளிர்ந்த நீர்த்துளிகள் அதன் ஒளிரும் புள்ளிகளையுடைய கழுத்தில் சொட்டும் முல்லைநிலக் காட்சி அது. மணமான மகளின் இல்லறத்தைக் கண்டுவந்த செவிலி, நற்றாய்க்குச் சொல்வது. பதினெட்டு ஆண்டுகள் அப்பாடலை நடத்தியிருக்கிறேன். ஒருமுறை பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “அந்தப் புள்ளி என்ன நிறம் அம்மா?” என்று கேட்டாள். “உரையில் இல்லை” என்று சொல்லி, அடுத்த அடிக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

நான் உரையில் தேடியதை அயல்நாட்டு ஈ கட்டுவோர் கண்ணால் கண்டிருந்தார்கள். புதுச்சேரிப் பக்கம் வந்துசென்ற சோனெரா என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞரின் பெயராலேயே அப்பறவையை அறிவியலார் வழங்குகிறார்கள். ‘ஜாக் ஸ்காட்’ போன்ற புகழ்பெற்ற சால்மன் ஈக்கள் அந்த இறகின்றி முழுமை பெறா. அந்தக் கண் நல்ல கண்தான். ஆனால் விலையும் உண்டு. அவ்விறகுக்காகக் காட்டுச் சேவல்கள் கொல்லப்பட்டுக் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் காட்டுப்பறவை வேட்டை குற்றமாயிற்று. இன்று அயல்நாட்டார் அப்பறவையைத் தாமே வளர்த்து இறகு பெறுகிறார்கள். புலவர் அந்தக் கழுத்தைப் பாட்டில் கட்டினார். சேவல் புதரில் உயிரோடு நின்றது. நம் கட்டுக்கும் அவர்கள் கட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவெனப் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்தச் சேவலை ஒருமுறையேனும் பார்த்துவிட்டல்லவா பெருமை கொள்ள வேண்டும்?

மறுநாள் விடியலில் அம்முதியவர் என்னைச் சோலையோரம் அழைத்துச் சென்றார். மழை விட்டிருந்தது. நெடுநேரம் காத்திருந்தோம். சேவல் ஒன்று புதரைவிட்டு வெளியே வந்து, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு, உடனே உள்ளே போய்விட்டது. பத்து நொடியிருக்கும். புலவர் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாளோ அறியேன். ஒவ்வோர் ஆண்டும் அப்பாடல் வரும்போது, யாரும் கேட்காமலே புள்ளியின் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உங்கள் பாட்டில் ஒரு பறவையைக் கட்டும்போது, அதன் கழுத்தை நீங்களே பார்த்துவிட்டுக் கட்டுங்கள். முடிச்சை நனைத்து, மெல்ல இறுக்குங்கள். அது மரபு முடிச்சோ புது முடிச்சோ, நிற்கும்.