‘வித்தின் பப்ளிக் வியூ’
(அறந்தாங்கியில், இயக்கத் தோழர்களுக்கான ஆங்கில வகுப்பின் தொடக்கத்தில் பேசியது)



இது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இல்லை. அரசியல் வேலை செய்கிறவருக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. 1956இல் பாபாசாகேப், அரசியலுக்கு வருகிறவர்களுக்கென்றே பம்பாயில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அந்த டிசம்பரில் அவர் மறைந்தார், பள்ளியும் நீடிக்கவில்லை.

இன்றைக்கு மூன்றே சொல் படிப்போம்: ‘வித்தின் பப்ளிக் வியூ’. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வருகிறது. சாதியைச் சொல்லித் திட்டியது எங்கே நடந்தது என்பதை இந்த மூன்று சொல்லை வைத்துத்தான் கோர்ட் பார்க்கும்.

‘பப்ளிக் பிளேஸ்’ என்றால் பொது இடம். ‘பப்ளிக் வியூ’ அது அல்ல. வெளியாட்கள் பார்க்கக்கூடிய இடம். அது ஒருவருடைய சொந்த வீட்டு வாசலாகவும் இருக்கலாம். 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரித்துச் சொன்னது: வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் திட்டியதும் இதற்குள் வரும் என்றது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கிலோ, நான்கு சுவருக்குள், வெளியாள் இல்லாத இடத்தில் நடந்தது என்பதால் அந்தப் பிரிவு நிற்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். புகார் எழுத உட்காருகிறோம். “கூட யாரு இருந்தா?” என்று கேட்டால், “என் தம்பி, சித்தப்பா” என்பார். அவ்வளவுதான் எழுதுவோம். சொந்தக்காரரும் கூட்டாளியும் மட்டும் இருந்தால் கோர்ட் அவர்களைப் பொதுமக்களாக எடுத்துக்கொள்ளாது. பால் ஊற்ற வந்தவர் கேட்டாரா, தெருவில் யார் நின்றார் என்று அன்றைக்கே விசாரித்து எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கை தமிழில்தான் இருக்கும். ஆனால் உயர் நீதிமன்றம் போனால் அதை இந்த ஆங்கிலச் சொற்களால்தான் அளப்பார்கள்.

ஆங்கிலம் அறிவல்ல, மொழிதான். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அது வரும்வரை வழக்கு காத்திருக்குமா?

கூச்சப்படாதீர்கள். 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த நம் மாவட்டப் பெண்கள் கையோடு சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். கேலி செய்யாத ஊரா? அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

அடுத்த வகுப்புக்கு 3(1)(எம்). 2015 திருத்தத்தில் வந்த பிரிவு. ஊராட்சிப் பொறுப்பில் இருக்கும் தலித், பழங்குடித் தோழர்களை வேலை செய்யவிடாமல் மிரட்டினாலோ தடுத்தாலோ குற்றம். அதில் ‘நார்மல் டியூட்டீஸ் அண்ட் ஃபங்க்‌ஷன்ஸ்’ என்று இருக்கிறது. தலைவர் நாற்காலியில் உட்காருவது அதில் சேருமா, கொடியேற்றுவது சேருமா? யோசித்து வாருங்கள். சட்டப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன். தலைவர்களாக இருப்பவர்கள் தீர்மான நோட்டையும் எடுத்து வாருங்கள்.