பேசக் கூடாதென்றால் போவதெங்கே?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வேலை செய்கிற இடத்தில் அரசியல் பேசாதே." இந்தச் சொல்லைக் கேட்காத தொழிலாளி இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. மேஸ்திரி சொல்கிறார், சூப்பர்வைசர் சொல்கிறார், பயத்தில் நம் வீட்டாரும் சொல்கிறார்கள். இதையே அமெரிக்காவில் ஒரு கம்பெனி சொன்னபோது நடந்ததை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது, அப்போது பேஸ்கேம்ப் என்ற பெயரில் இருந்த மென்பொருள் கம்பெனி. ஏறக்குறைய 60 பேர் வேலை பார்த்த சிறிய இடம். 2021 ஏப்ரல் 26 அன்று அதன் முதலாளிகளில் ஒருவரான ஜேசன் ஃபிரைட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கம்பெனிக்குள் ஊழியர்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் இடத்தில் இனி சமுதாய, அரசியல் விவாதம் கூடாது. ஊழியர் குழுக்களும் கிடையாது. அவர் சொன்ன காரணம், அது வேலையிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது என்பது.

இதற்குப் பின்னணி என்ன? வாடிக்கையாளர்களின் பெயர்களில் வேடிக்கையாகத் தோன்றியவற்றைப் பட்டியல் போட்டு, ஊழியர் சிலர் பல ஆண்டுகளாகச் சிரித்து வந்தார்கள். அதில் ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் இருந்தன. இது தகுமா என்று ஊழியர்களே கேட்டார்கள். பட்டியல் தவறு என்பதை முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வாதம் வளர்ந்தது, தடை வந்தது.

தோழர்களே, வேற்றூரில் பிழைக்கும் நம் பெயர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஒருவன் பெயரைச் சொல்லிச் சிரிப்பதைத் தட்டிக் கேட்டால், அது அரசியலா? மானப் பிரச்சினையா?

பிடிக்காதவர்கள் போகலாம் என்று கம்பெனி பணமும் தர முன்வந்தது. மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் வரை, மற்றவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை. சில நாட்களுக்குள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2020-இல், காயின்பேஸ் என்ற கம்பெனியும் இதே போல் செய்தது. அங்கே போனவர்கள் 60 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்தான்.

முதலாளி பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. லேத்தில் நிற்பவன் தேர்தல் சண்டையில் மூழ்கினால் விரல் போகும். கட்சிச் சண்டையால் ஒரே அறையில் தங்கியவர்கள் முகம் பார்க்காமல் போனதும் உண்டு. வேலை நேரம் வேலைக்கே. ஆனால் எது அரசியல் என்று கோடு கிழிப்பது யார்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே மாதம் போராடினார்களே, அதுவும் இதே சிகாகோவில்தான். அன்றைக்கு அது கலகம். இன்றைக்கு அது சட்டம். 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் நமக்குக் காட்டிய பாடமும் இதுதான். அமெரிக்காவில் பேச்சுரிமை அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் முதலாளியை அல்ல. ஆனாலும் கூலியையும் வேலை நிலைமையையும் பற்றித் தொழிலாளர் சேர்ந்து பேசுவதை 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே காக்கிறது. கூலிப் பேச்சை அரசியல் என்று சொல்லி அடைத்துவிட முடியாது.

இனி நம் நிலைமைக்கு வருவோம். அவர்கள் கையில் ஆறு மாதச் சம்பளத்தோடு வெளியேறினார்கள். நம்மில் ஒருவர் வெளியேறினால் என்ன ஆகும்? காண்டிராக்டர் கொடுத்த கொட்டகை அன்று மாலையே போகும். வாங்கிய முன்பணம் கழுத்தில் நிற்கும். பிள்ளையின் படிப்பு நடுவில் நிற்கும். கையில் காசில்லாதவனுக்கு வேலையை விடும் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே மூன்று காரியம் சொல்கிறேன். தனியாளாகக் கோபித்து வேலையை உதறாதீர்கள். நாலு பேர் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். வேலை நேரத்தில் வாயடக்கினாலும், வாசலைத் தாண்டியதும் சங்கத்துக்கு வந்து பேசுங்கள். பெண்களும் வந்து பேசட்டும், அடுப்பெரியாத வீட்டின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது, நம் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்போம். மானத்துக்காக வேலையை விட்டவர் வீட்டில் மூன்று மாதம் அடுப்பெரிய அந்தப் பணம் உதவட்டும்.

அந்த நிதி இருந்தால்தான் "போகிறேன்" என்ற சொல்லுக்கு மதிப்பு வரும். "இருந்து கேட்கிறேன்" என்ற சொல்லுக்கும் அதனால்தான் துணிவு வரும். இந்தத் தீர்மானத்தை இன்றே எடுத்துக்கொள்ளுமாறு சபையைக் கேட்டு அமர்கிறேன்.